பிறக்குமுன் கண்ட அடைப்பு: கத்தியா, காத்திருப்பா?



கடந்த இதழில் குழந்தைகள் நல நிதியின் கணக்கை வெளியிட்டிருந்தோம். அதில் சிறுநீரக அடைப்புள்ள பிள்ளைகளின் பிரயாணச் செலவுக்கும் ஸ்கேன் கட்டணத்துக்கும் கொடுத்த தொகை ஒரு வரியாக இருந்தது. அதைக் கண்ட நண்பர்கள் சிலர் ஏறக்குறைய ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்கள். அடைப்பு இருப்பது பிறக்குமுன்னரே தெரிந்திருக்க, உடனே ஆபரேஷன் செய்து முடிப்பதை விட்டு, மாதாமாதம் பஸ் செலவு கொடுத்துப் பிள்ளையை வரவழைப்பானேன்? ஒரே தடவையில் தீர்கிற காரியத்தை ஏன் இழுக்க வேண்டும்? கேள்வி நியாயமானது. நாங்கள் வைத்தியர் அல்ல. வார்டுகளில் பெற்றோருக்கு அருகே உட்காருகிறவர்கள். ஆனாலும் எங்கள் டாக்டர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை, உங்களுக்கு விளங்கும்படி எழுத முயலுகிறோம்.

முதலில் அடைப்பு என்ற சொல்லைப் பற்றி. கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாதத்தில், அதாவது 20 வார அளவில், எடுக்கும் ஸ்கேனில் சிசுவின் சிறுநீரகம் நன்றாகத் தெரியும். சிசு தாயின் வயிற்றிலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி சிசுவின் சிறுநீர்தான் என்றால் பலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் உண்மை அதுவே. அந்தச் சிறுநீர் சிறுநீரகத்தின் நடுவிலுள்ள கிண்ணம் போன்ற பகுதியில் சேர்ந்து, மெல்லிய குழாய் வழியாக மூத்திரப்பைக்கு இறங்குகிறது. கிண்ணம் வழக்கத்தைவிட அகன்றிருந்தால் ஸ்கேன் செய்கிறவர் அதை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவார். ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 4 மில்லிமீட்டரும், கடைசி மூன்று மாதங்களில் 7 மில்லிமீட்டரும் எட்டினால் கவனிக்க வேண்டியது என்பது வழக்கமான அளவுகோல். ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்று வரும். வீட்டிலுள்ளவர்கள் அதைக் 'கிட்னியில் நீர் கோத்திருக்கு' என்று சொல்லிக்கொள்வார்கள்.

நூறு கர்ப்பங்களில் ஒன்று முதல் ஐந்து வரை இப்படி அகன்ற கிண்ணம் தென்படுகிறது. அபூர்வமே அல்ல. தூத்துக்குடியில் ஸ்கேன் அறைகளுக்கு வெளியே கையில் கவரோடு நிற்கிற தாய்மாரில் யாராவது ஒருத்திக்கு இந்த வார்த்தை எழுதியிருக்கும்.

ஆனால் ஸ்கேன் காட்டுவது அகலத்தைத்தான், அடைப்பை அல்ல. இந்த ஒரு வாக்கியத்தைப் பெற்றோர் மனதில் பதிய வைக்க எங்களுக்குச் சில வேளை அரை நாள் பிடிக்கிறது. வளரும் சிசுவின் குழாயில் மடிப்புகள் இருக்கும். பிள்ளை நீளும்போது அவை நிமிர்ந்துவிடும். குழாயின் தசை முதிர்ச்சியடையாமல் இருந்து, பிறகு தேறிவரும். இவ்வகைக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கிண்ணம் தானாகவே சுருங்கிவிடுகிறது. வேறு சிலருக்கோ கிண்ணமும் குழாயும் சேருகிற இடமே பிறவியில் குறுகியிருக்கும், அல்லது ஒரு இரத்தக் குழாய் குறுக்கே ஓடி அதை அழுத்தும். அதுதான் மெய்யான அடைப்பு. ஆண் பிள்ளைகளுக்கும், இடப்பக்கச் சிறுநீரகத்துக்கும் இது அதிகம். இன்னும் சிலருக்கு மூத்திரப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பி ஏறும். ஐந்தாம் மாத ஸ்கேனில் இவை யாவும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகவே தெரியும்.

அப்படியானால் மெய்யான அடைப்பைப் பிரித்தறிவது எப்படி? அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஸ்டீபன் காஃப் என்ற அறுவை மருத்துவர் 1987-ல் இதற்கு ஒரு வரையறை சொன்னார். எந்தத் தடையை அப்படியே விட்டால் சிறுநீரகம் மேலும் மேலும் கெடுமோ, அதுவே அடைப்பு என்பது அதன் கருத்து. நண்பர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். கெட்டதா இல்லையா என்பது விட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும்! வரையறையிலேயே காலம் அடங்கியிருக்கிறது. எங்கள் கணக்கில் நீங்கள் பார்த்த அந்தப் பிரயாணச் செலவு இந்தக் காலத்துக்கான செலவுதான்.

1980-களில் ஸ்கேன் பரவத் தொடங்கியபோது மேல்நாடுகளில் பல இடங்களில் பிறந்த சில வாரங்களிலேயே இந்தப் பிள்ளைகளுக்கு அறுவை செய்தார்கள். அதன் நியாயம் எளிதாகப் புரியும். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே உருவாகி முடிந்துவிடுகின்றன. அதற்குப்பின் இழந்தால் புதிதாக முளைப்பதில்லை. எனவே ஒன்றையும் இழக்காமல் முந்திக்கொள்வோம் என்றார்கள். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் பிலிப் ரான்ஸ்லியும் கொலம்பஸில் காஃபும் மாற்றுவழியைப் பரீட்சித்தார்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறன் நன்றாக இருக்கும்வரை கத்தி வைக்காமல், ஸ்கேன் எடுத்துக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். லண்டனில் நல்ல திறனோடு ஆரம்பித்த சிறுநீரகங்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்கே பிற்பாடு அறுவை தேவைப்பட்டது. கொலம்பஸில் ஒரு பக்கச் சிறுநீரகம் கடுமையாக வீங்கிய 104 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2000-ல் வெளியிட்ட அறிக்கையில், 23 பேருக்கு அறுவை நடந்திருந்தது. அந்த 23 பேருக்கும் இறங்கியிருந்த திறன் அறுவைக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பியது என்பதே அந்த அறிக்கையின் முக்கியமான செய்தி.

எதிர்க்கருத்தும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. இஸ்ரேல் நாட்டிலிருந்து 2006-ல் வந்த நீண்டகாலக் கணக்கில், பின்தொடரப்பட்ட 343 பிள்ளைகளில் பாதிக்குச் சற்று அதிகமானோருக்கு அறுவை தேவைப்பட்டது. எது சரி? குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆராய்ச்சிகளை 2016-ல் காக்ரேன் குழுவினர் தேடியபோது இரண்டே இரண்டுதான் கிடைத்தன. இரண்டிலும் சேர்த்து 107 குழந்தைகள். இதைக்கொண்டு ஒரு பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். ஆக, 'எல்லாருக்கும் உடனே' என்பதும் 'எல்லாருக்கும் பிறகு' என்பதும் தவறு. பிள்ளைக்குப் பிள்ளை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் நாட்டில் இந்தியக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவ வல்லுநர்கள் கூடி 2001-ல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டு, 2013-ல் அதைத் திருத்தினார்கள். எங்கள் டாக்டர்கள் பின்பற்றுவது அதையே. பிறந்த முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாக இருப்பதால் வீக்கம் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். ஆகவே மூன்றாம் நாளுக்குப்பின், முதல் வாரத்துக்குள் முதல் ஸ்கேன். அது சரியாக இருந்தாலும் 4 முதல் 6 வாரத்தில் மறு ஸ்கேன் கட்டாயம். வீக்கம் லேசானால் அவ்வப்போது ஸ்கேன் மட்டும் போதும். அதிகமானால், சிறுநீர் மேலேறுகிறதா என்று பார்க்க மூத்திரப்பையில் மருந்து செலுத்தி ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு 6 முதல் 8 வாரத்துக்குமேல் ஐசோடோப் ஸ்கேன்.

இந்த ஐசோடோப் ஸ்கேனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முடிவு பெரும்பாலும் இதன்மேல் நிற்கிறது. மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி, அது இரண்டு சிறுநீரகங்களிலும் எவ்வளவு சேருகிறது, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று காமிரா பதிவு செய்யும். சிறுநீரை அதிகப்படுத்தும் ஊசியும் போடுவார்கள். வேலை இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரிவது இயல்பு; 45-க்கு 55 என்றாலும் பயமில்லை. வீங்கிய பக்கம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்து வடிதலும் தடைப்பட்டிருந்தால் அறுவையைப் பற்றிப் பேச்சுத் தொடங்கும். முந்தைய ஸ்கேனைவிடத் திறன் தெளிவாக இறங்கினாலும் அப்படியே. பல இடங்களில் 10 சதவீத இறக்கத்தைக் கணக்காகக் கொள்கிறார்கள். மருந்து வடியத் தாமதமாவது மட்டும் போதிய சாட்சி ஆகாது. பச்சிளம் சிறுநீரகமே மெதுவாக வேலை செய்வது. அகன்ற பாத்திரம் காலியாக நேரமும் பிடிக்கும். இந்தக் காமிரா எல்லா ஊரிலும் இல்லை. எங்கள் பிள்ளைகளை மதுரை போன்ற பெரிய நகரத்துக்கு அனுப்புகிறோம். கைக்குழந்தையோடு விடியற்காலைப் பஸ், பால் புகட்டி அசையாமல் தூங்கவைக்க ஒரு மணிநேரம், திரும்பும்போது இரவு. தாய்க்கும் கூடவரும் பாட்டிக்கும் அன்றைய கூலி போயிற்று.

காத்திருக்கக் கூடாத பிள்ளைகளும் உண்டு. இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தால், அல்லது இருப்பதே ஒன்றாயிருந்து அதுவும் வீங்கியிருந்தால், முதல் 24 முதல் 48 மணிநேரத்திலேயே பார்க்க வேண்டும். ஆண் சிசுவின் மூத்திரத் துவாரத்தில் பிறவியிலேயே சவ்வு போன்ற தடுப்பு இருப்பதுண்டு. அதில் மூத்திரப்பை, குழாய்கள், இரண்டு சிறுநீரகங்கள் யாவும் பாதிக்கப்படும். பனிக்குட நீரும் குறையும். இது ஆண் பிள்ளைக்கு மட்டுமே வருவது. ஆனால் ஸ்கேன் பார்க்கிறவர் சிசு ஆணா பெண்ணா என்று சொல்லலாகாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம் அது, அதைக் குறைசொல்ல மாட்டோம். எனவே எங்கள் டாக்டரம்மா, 'மூத்திரப்பை பெரிதாயிருக்கிறது, பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆகட்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். உறவினர் துருவித் துருவிக் கேட்டாலும் அதற்குமேல் ஒரு சொல் வராது.

வயிற்றிலிருக்கும்போதே அறுவை செய்யலாகாதா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். 1981-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர் இத்தகைய தடுப்புள்ள சிசுவுக்குக் கருப்பையைத் திறந்து அறுவை செய்தார்கள். அந்தக் குழந்தை பிறந்தபின் பிழைக்கவில்லை. மூத்திரப்பையிலிருந்து பனிக்குடத்துக்குச் சிறு குழாய் வைக்கும் முறையைப் பிரிட்டனில் முறையாகச் சோதிக்க முயன்றபோது 31 தாய்மாரே சேர்ந்தார்கள். சோதனை இடையில் நின்று, முடிவு 2013-ல் வெளியானது. ஒரு பக்கம் மட்டும் வீங்கிய பிள்ளைக்கு இவை எதுவும் தேவையில்லை. மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. பிறக்கும்வரை இரத்தத்தைச் சுத்திகரிக்கிற வேலையைத் தாயின் நஞ்சுக்கொடியே செய்கிறது. இதற்காகப் பிரசவத்தை முந்தி வைக்கவோ, சிசேரியன் செய்யவோ வேண்டியதில்லை என்பதைப் பெற்றோருக்கு அழுத்திச் சொல்லுகிறோம்.

அறுவை வேண்டுமென்று ஆனால் செய்வது பெரும்பாலும் பைலோபிளாஸ்டி என்னும் முறை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஆண்டர்சனும் ஹைன்சும் 1949-ல் விவரித்தது, இன்றும் அதுவே அடிப்படை. குறுகிய துண்டை வெட்டி எடுத்து, குழாயை அகலமாகக் கிண்ணத்தோடு தைத்துவிடுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நல்ல பலன். கத்தி என்ற பயத்தில் ஓடுகிறவர்களுக்கு இதைச் சொல்லுகிறோம்.

இனி எங்கள் வேலைக்கு வருகிறோம். டாக்டர் 'காத்திருந்து பார்க்கலாம்' என்கிறார். தகப்பன் காதில் 'ஒன்றுமில்லை' என்று விழுகிறது. பாட்டி காதில் 'கைவிட்டுவிட்டார்கள்' என்று விழுகிறது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்! 'கீறாமலே சரியாப் போகுமாய்யா?' என்பது எங்களிடம் வருகிற முதல் கேள்வி. போகலாம், போகாமலும் இருக்கலாம், எது என்று பார்க்கத்தான் வரச்சொல்லுகிறோம் என்பதே நேர்மையான பதில். இந்தப் பதில் ஒருவருக்கும் பிடிப்பதில்லை.

இக்கடற்கரையின் மூத்தவர்களிடம் மட்டும் எளிதாகச் சொல்ல முடிகிறது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அக்காலத்தில் பாருக்கு நேரே படகுகளை அனுப்பிவிடமாட்டார்கள். முதலில் சிப்பி மாதிரி எடுத்து, வயதையும் முத்தின் மதிப்பையும் பார்ப்பார்கள். இளஞ்சிப்பியானால் இன்னும் ஒரு வருடம் விடுவார்கள். ஆனால் மறுபடியும் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். பாராமல் விட்டால் சிப்பி செத்து முத்து மணலோடு போய்விடும். தகப்பனும் பாட்டனும் முத்துக்குளித்ததைக் கேட்டு வளர்ந்த ஒரு பெரியவருக்கு இதைச் சொன்னோம். 'அப்ப மாதிரி பார்க்கிற தேதியத் தவறவிடப்பிடாது' என்று அவரே மருமகளிடம் சொன்னார்.

நேர்ச்சையும் ஜெபமும் இதில் கலந்தே வருகின்றன. ஆகஸ்டு 5-ல் பனிமய மாதா திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. உபவாசம் இருந்தவர்கள் உண்டு. அந்தோனியார் கோயிலுக்கும் அம்மன் கோயிலுக்கும் போய்வந்தவர்கள் உண்டு. ஒன்பதாம் மாதத்தில் வீக்கம் குறைந்திருந்தால் அவரவர் நன்றி சொல்லுகிறார்கள். நாங்களும் சேர்ந்து மகிழுகிறோம். மடிப்பு நிமிர்ந்த கணக்கை அந்த நேரத்தில் பேசுவதில்லை. எங்களுக்குக் கவலை வேறு. சுகமாயிற்று என்று சாட்சி சொன்ன பின் மறு ஸ்கேனுக்கு வருவது அவிசுவாசம் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல என்று ஒரு போதகர் வாயால் சொன்னால்தான் கேட்கிறார்கள். நன்றி செலுத்துங்கள், குறித்த தேதிக்கும் வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம்.

வராமற்போனால் என்ன ஆகும்? உப்பளத்தில் வேலைசெய்யும் ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு மூன்றாம் மாதத்தில் இடது சிறுநீரகம் 46 சதவீத வேலை செய்தது. சொன்ன தேதிக்கு வந்தார்கள்; ஒன்பதாம் மாதத்தில் 35 என்று இறங்கியிருந்தது. அந்த மாதமே அறுவை ஆயிற்று. அடுத்த வருடம் மறுபடி 40-ஐத் தாண்டியிருந்தது. அதே சமயத்தில் பார்த்த இன்னொரு பிள்ளையின் தகப்பன் கேரளத்துப் படகுக்குப் போனார். குடும்பமும் கூடப் போயிற்று. மூன்றரை வயதில் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கம் பத்து சதவீதம்கூட இல்லை. சீழ் பிடித்திருந்ததால் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளை ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வளருகிறான். ஆனாலும் காப்பாற்றியிருக்கக் கூடிய ஒன்றை இழந்தான். அடைப்பு வலி காட்டாமல் வேலை செய்வது. தாய்க்கு எச்சரிக்கை கொடுக்க பிள்ளை அழவேண்டும் என்பதில்லை.

இதனால்தான் நம் நாட்டு அறுவை மருத்துவர்களில் சிலர், திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்த குடும்பத்துக்குச் சற்று முந்தியே அறுவை செய்வது நல்லது என்கிறார்கள். லண்டன் கணக்கும் கொலம்பஸ் கணக்கும் தேதி தவறாமல் வந்த பிள்ளைகளின் கணக்கு. தேதிக்கு வராத பிள்ளைக்கு அது பொருந்தாது. அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் எங்கள் மனம் அதை முழுதும் ஏற்கவில்லை. தகப்பன் ஏழை என்பதற்காக, தேவைப்பட்டிருக்காத ஒரு பிள்ளையின் வயிற்றைக் கீறுவதா? அதைவிட அவர்கள் வருவதற்கு வழிசெய்வது மேல். அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பஸ்ஸுக்கும் போன கூலிக்கும் அட்டை கிடையாது. நீங்கள் அனுப்புகிற ஈவுகள் அந்த இடைவெளியைத்தான் நிரப்புகின்றன.

தேதி குறிப்பதிலும் கவனமாயிருக்கிறோம். விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் தகப்பன் வீட்டிலிருப்பார், ஆனால் கையில் காசு இராது; பிரயாணச் செலவு கொடுத்தால் தாயும் தகப்பனும் சேர்ந்தே வருவார்கள். உப்பளத்தாருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையில்லாத நாட்கள் தோது. இதையெல்லாம் கேட்காமல் காலண்டரைப் பார்த்து எழுதிய தேதிக்குப் பாதிப்பேர் வருவதில்லை. தாயிடம் கொடுக்கும் அட்டையில் மூன்று காரியங்களைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம்: காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனை, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ விலாவில் கட்டி போலத் தட்டுப்பட்டாலோ உடனே வருதல், டாக்டர் எழுதிய கிருமி மருந்தை நடுவில் நிறுத்தாதிருத்தல்.

அறுவை ஆன பிள்ளைகளுக்கும் பின்தொடர்தல் உண்டு. தைத்த இடம் ஆறும்வரை பெரும்பாலும் உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்துவிடுவார்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் அதை எடுத்தாக வேண்டும். வெளியே தெரியாத பொருள், மறந்துபோக வசதியானது. மறந்தால் அதன்மேலேயே கல் படிந்து புது அடைப்பாகிவிடும். ஆகவே குழந்தைகள் வார்டு சிஸ்டர் ஒரு நீல நோட்டில் ஸ்டென்ட் உள்ள பிள்ளைகளின் பெயர், ஊர், எடுக்கவேண்டிய தேதி, அண்டை வீட்டாரின் போன் நம்பர் ஆகியவற்றை எழுதி வைத்திருக்கிறார். திங்கட்கிழமைதோறும் காலையில் அதைத் திறந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுகிறார். இந்த வாரம் அதில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. மூவர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்காவது வீட்டில் இன்னும் போன் எடுக்கவில்லை. நாளை மணப்பாடு பக்கம் போகிற எங்கள் கிராம ஊழியர் அந்த வீட்டுக்கும் போய்வருவார்.